வக்கீல் வேலையிலிருந்து கம்பெனி லீகலுக்குப் போகிறவர்களுக்கு: சன்னது ஒப்படைப்பது முதல் ராஜினாமா வரை

சென்னை உயர் நீதிமன்றத்தில் ஏழு வருடம் இருந்தேன். முதலில் ஒரு சீனியரிடம் ஜூனியர், பிறகு தனியாக. அப்புறம் ஒரு உற்பத்தி நிறுவனத்தின் சட்டப் பிரிவில் சேர்ந்தேன். மாதச் சம்பளமும் பி.எஃப்.பும் கிடைத்தன, வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் முதல் இரண்டு வருடங்களில் மூன்று இடங்களில் தவறினேன். சன்னதை, அதாவது வக்கீலாகப் பதிவு செய்த சான்றிதழை, ஒப்படைக்க எட்டு மாதம் தாமதித்தேன். வக்கீல் எழுதிய மெயிலை யாரும் கேட்க முடியாது என்று நம்பி எழுதியவற்றை ஒரு விசாரணையில் கேட்டு வாங்கிவிட்டார்கள். என்னை நம்பி மனம் திறந்து பேசிய ஒரு தொழிலாளியின் வார்த்தைகள் அவருக்கு எதிராகவே போய்ச் சேர்ந்தன. மூன்றாவது இன்னும் என்னை உறுத்துகிறது.

இவற்றையெல்லாம் முன்கூட்டியே யாராவது வரிசையாகச் சொல்லியிருந்தால் தவிர்த்திருக்கலாம். இந்தியாவில் வழக்கறிஞராகப் பதிவு செய்துவிட்டு, கம்பெனியில் முழுநேரச் சம்பளத்துக்குப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். சட்டம் படித்துவிட்டுப் பதிவே செய்யாமல் நேராகக் கம்பெனிக்குப் போகிறவர்களுக்கு 2, 3 தேவைப்படாது. மற்றதெல்லாம் அவர்களுக்கும் பொருந்தும்.

1. ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன்

முதல் கேள்வி: என்றாவது நீதிபதி தேர்வு எழுதும் எண்ணம் இருக்கிறதா? சிவில் நீதிபதி பதவிக்குக் குறைந்தது 3 வருட வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே 20-ல் தீர்ப்பளித்தது. வக்கீலாக இருந்து நேரடியாக மாவட்ட நீதிபதி ஆக வேண்டுமென்றால் 7 வருட அனுபவம் தேவை. அதுவும் இடைவெளி இல்லாமல், விண்ணப்பிக்கும் நாள்வரை தொடர்ந்து இருக்க வேண்டும். கம்பெனியில் சம்பளம் வாங்கும் காலம் இந்தக் கணக்கில் வராது. என்னோடு சேர்ந்த ஒரு நண்பர் இரண்டரை வருடப் பிராக்டிஸில் கம்பெனிக்கு வந்தார். இன்னும் ஆறு மாதம் பொறுத்திருந்தால் ஒரு கதவு திறந்தே இருந்திருக்கும்.

இரண்டாவது, நீங்கள் யாரிடம் ரிப்போர்ட் செய்யப்போகிறீர்கள் என்பது. சேல்ஸ் தலைவருக்குக் கீழே ஒரு லீகல் மேனேஜரை வைக்கிறார்கள் என்றால், அவர் கொண்டுவரும் ஒப்பந்தத்துக்கு நீங்கள் "முடியாது" சொல்லும் நாளில் உங்கள் அப்ரைசல் அவர் கையில் இருக்கும். நிர்வாக இயக்குநரிடமோ தலைமைச் சட்ட அதிகாரியிடமோ ரிப்போர்ட் செய்வது நல்லது. கூடவே, தேவைப்பட்டால் இயக்குநர் குழுவையோ தணிக்கைக் குழுவின் தலைவரையோ நேரடியாக அணுகலாம் என்று நியமனக் கடிதத்திலேயே ஒரு வரி போடச் சொல்லுங்கள். நான் கேட்கவில்லை. கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம். பின்னால் நான் ஆளெடுத்தபோது இரண்டு பேர் அப்படிக் கேட்டார்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை, வரியும் சேர்ந்தது.

மூன்றாவது, ஊக்கத்தொகை எதை வைத்துக் கணக்கிடப்படும்? "மூடப்பட்ட ஒப்பந்தங்களின் எண்ணிக்கை" என்று இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். அவசரமாகக் கையெழுத்து வாங்கினால் உங்களுக்குப் பணம் என்ற நிலையில் எழுதும் கருத்துரை நேராக இருக்காது.

2. சன்னதை ஒப்படைப்பது

வக்கீல் தொழிலை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் விதிகளில் 49-ஆம் விதி தெளிவாக இருக்கிறது. வழக்கறிஞர் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கக்கூடாது. அப்படி வேலையில் சேர்ந்தால் தான் பதிவு செய்த பார் கவுன்சிலுக்கு உடனே தெரிவிக்க வேண்டும், வேலையில் இருக்கும்வரை தொழில் நடத்துவதை நிறுத்த வேண்டும். முன்பு லா ஆபீசர்களுக்கு இதில் ஒரு விலக்கு இருந்தது. 2001-ல் சதீஷ்குமார் சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு பார் கவுன்சில் அந்த விலக்கை நீக்கிவிட்டது. "எங்க கம்பெனி கேஸுக்கு மட்டும் நீங்களே ஆஜராகலாமே, வக்கீல் ஃபீஸ் மிச்சம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உரிமை இல்லாமல் நீதிமன்றத்தில் தொழில் நடத்தினால் வழக்கறிஞர் சட்டம் 45-ஆம் பிரிவின்படி 6 மாதம்வரை சிறை. ஒழுங்கு நடவடிக்கை வந்தால் பெயரையே பட்டியலிலிருந்து நீக்கவும் அதிகாரம் உண்டு.

செய்ய வேண்டியது இது. வேலையில் சேரும் தேதியைக் குறிப்பிட்டு, தானாக முன்வந்து தொழிலை நிறுத்திவைப்பதாக மாநில பார் கவுன்சிலுக்கு ஒரு கடிதம். கூடவே அசல் பதிவுச் சான்றிதழ், அதாவது சன்னது. பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும் என்று விதி சொல்கிறது. பதிவுத் தபால் இப்போது ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டதால், தபால் அலுவலகத்தில் "பதிவு" வசதியோடு வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். தமிழ்நாடு, புதுச்சேரி ஆட்கள் உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் பார் கவுன்சில் அலுவலகத்துக்கு நேரில் போவதே சுலபம். போகும்போது எடுத்துக்கொள்ள வேண்டியவை:

அசல் சன்னது, அதன் இரண்டு நோட்டரி நகல்கள், முன்பக்கம் பின்பக்கம் இரண்டும், வழக்கறிஞர் அடையாள அட்டை, நியமனக் கடிதத்தின் நகல், அகில இந்திய பார் தேர்வுச் சான்றிதழின் நகல், பிரமாணப் பத்திரம். பிரமாணப் பத்திரத்துக்கான முத்திரைத்தாள் தமிழ்நாட்டில் 2024 மே முதல் 200 ரூபாய். பீரோவில் கிடக்கும் பழைய 20 ரூபாய்த் தாளில் அடித்துக்கொண்டு போகாதீர்கள். நோட்டரிக்கும் நகலுக்கும் சேர்த்து எனக்கு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. வழக்கறிஞர் நல நிதியில் உறுப்பினராக இருந்தால் அந்தக் கணக்கை என்ன செய்ய வேண்டும் என்று அதே நாளில் கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள்.

ஒப்படைத்ததற்கு முத்திரை போட்ட ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். பத்து வருடம் கழித்து மீண்டும் கோட்டு போட நினைக்கும்போது, "எந்தத் தேதியிலிருந்து நிறுத்தினீர்கள்?" என்ற கேள்விக்கு அந்த ரசீதுதான் பதில்.

நான் தாமதித்த எட்டு மாதத்தில் நீதிமன்றம் பக்கம் போகவில்லை. ஆனால் பழைய வக்காலத்துகளில் என் பெயர் அப்படியே இருந்தது. ஒரு வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் இதைக் கண்டுபிடித்து நீதிபதியிடம் சொல்லிவிட்டார். எனக்காக என் பழைய சீனியர் எழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டிவந்தது. சேர்ந்த வாரத்திலேயே முடித்துவிடுங்கள். சேருவதற்கு முன்பே கடிதத்தைத் தயார் செய்து, முதல் சனிக்கிழமை நோட்டரி, திங்கட்கிழமை அரைநாள் விடுப்பு என்று வைத்துக்கொண்டால் போதும்.

சன்னதோடு சேர்த்து சில சின்ன விஷயங்கள். விசிட்டிங் கார்டில் "அட்வகேட்" இருக்கக்கூடாது. "மேலாளர், சட்டம்" போதும். வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கரைக் கிழித்துவிடுங்கள். கம்பெனி சார்பில் நோட்டீஸ் அனுப்பினால் கம்பெனி லெட்டர்ஹெட்டில், அதிகாரம் பெற்ற கையொப்பதாரர் என்று போட்டு அனுப்புங்கள்.

3. பழைய கட்டுகளும் பழைய கட்சிக்காரர்களும்

கையில் இருக்கும் ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு வரி வீதம் பட்டியல் போடுங்கள்: வழக்கு எண், அடுத்த வாய்தா, யாரிடம் ஒப்படைப்பு, ஆட்சேபனை இல்லை என்ற கையெழுத்து கொடுத்தாயிற்றா, கட்சிக்காரரிடம் வாங்கிய முன்பணத்தில் திருப்பித் தர வேண்டியது எவ்வளவு. இதற்குக் குறைந்தது 30 நாள் வேண்டும். கம்பெனி "அடுத்த வாரமே சேருங்கள்" என்றால், ஒரு மாதம் கேளுங்கள்.

இன்னொரு பட்டியலும் வேண்டும். நீங்கள் முன்பு ஆலோசனை சொன்னவர்களில் யாருக்காவது இந்தக் கம்பெனியோடு தகராறு இருக்கிறதா? இருந்தால் அந்த விவகாரத்தில் கம்பெனிக்காக நீங்கள் ஒரு வரிகூட எழுதக்கூடாது. சன்னது பார் கவுன்சிலில் இருந்தாலும் கட்சிக்காரர் உங்களை நம்பிச் சொன்னது உங்களிடம்தான் இருக்கிறது. மனிதவளத் துறைக்கு இந்தப் பெயர்களைத் தர வேண்டாம், அதுவே இரகசியத்தை மீறுவதாகிவிடும். "எதிர்த்தரப்பின் பெயரைச் சொல்லுங்கள், முடியாதென்றால் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்கிறேன்" என்று உங்கள் மேலதிகாரியிடம் முதல் வாரமே சொல்லிவையுங்கள்.

4. உங்கள் கட்சிக்காரர் யார் என்பதை வாயால் சொல்லுங்கள்

கம்பெனிதான் கட்சிக்காரர். நிர்வாக இயக்குநர் இல்லை, தொழிற்சாலை மேலாளர் இல்லை, உங்களோடு மதியம் டிபன் பாக்ஸைப் பகிர்ந்துகொள்ளும் அக்கவுன்ட்ஸ் ஆளும் இல்லை. இது எல்லா வக்கீலுக்கும் தெரியும். ஆனால் எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது.

ஸ்டோரில் சரக்குக் குறைவு பற்றி உள்விசாரணை நடந்தது. என்ன நடந்தது என்று கேட்டுவரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த ஒரு சூப்பர்வைசர். கதவைச் சாத்திவிட்டு, "தம்பி, நீங்க நம்ம வக்கீல்தானே, உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு" என்று ஆரம்பித்தார். மகள் கல்யாணத்துக்காக ஒரு தடவை பழைய இரும்பை வெளியே விற்றதைச் சொன்னார். நான் தடுக்கவில்லை. குறிப்பெடுத்தேன். அந்தக் குறிப்பு அறிக்கையில் போனது, அறிக்கையை வைத்து அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவர் செய்தது தவறு. ஆனால் என்னிடம் பேசியபோது தன் வக்கீலிடம் பேசுவதாக நினைத்துப் பேசினார், அந்த நினைப்பை நான் திருத்தவில்லை.

அமெரிக்காவில் 1981-ல் அப்ஜான் என்ற கம்பெனியின் வழக்கு அங்கே உச்ச நீதிமன்றம்வரை போனது. அதிலிருந்து அங்கே ஒரு வழக்கம் உண்டு: கம்பெனி வக்கீல் ஊழியரிடம் கேள்வி கேட்கும் முன், தான் யாருக்கு வக்கீல் என்று சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் இப்படிச் சொல்ல வேண்டும் என்று எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் செய்யுங்கள். நான் இப்போது சொல்வது இதுதான்:

"ஐயா, நான் கம்பெனிக்காக வந்திருக்கிறேன். உங்களுக்கு வக்கீல் இல்லை. நீங்கள் சொல்வதை நிர்வாகத்திடம் சொல்வேன். அவர்கள் அதை வைத்து நடவடிக்கை எடுக்கலாம், வேறு யாரிடமும் கொடுக்கவும் செய்யலாம். உங்களுக்குத் தனியாக வக்கீலோ தொழிற்சங்கத் தலைவரோ வேண்டுமென்றால் முதலில் அவரிடம் பேசிவிட்டு வாருங்கள்."

இதைத் தமிழில் அச்சடித்து, பேச்சைத் தொடங்கும் முன் அவரிடம் படிக்கக் கொடுத்து, தேதியோடு கையெழுத்து வாங்குகிறேன். சிலர் எழுந்து போய்விடுகிறார்கள். நிர்வாகத்துக்கு அது பிடிக்காது. இருந்தாலும் அந்தத் தாள் இல்லாமல் நான் யாரிடமும் விசாரிப்பதில்லை.

5. நீங்கள் எழுதும் மெயிலுக்குப் பாதுகாப்பு இல்லை என்று நினைத்தே எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொன்னதை வெளியிடச் சொல்ல முடியாது என்ற பாதுகாப்பு முன்பு சாட்சியச் சட்டத்தின் 126 முதல் 129 வரையிலான பிரிவுகளில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 132 முதல் 134 வரை. கம்பெனியில் சம்பளத்துக்கு இருக்கும் வக்கீலுக்கு இது உண்டா என்பதில் பல காலமாகக் குழப்பம். பம்பாய் உயர் நீதிமன்றம் உண்டு என்ற பக்கம் சாய்ந்திருந்தது. நான் அதை நம்பித்தான் மெயில் எழுதினேன்.

2025 அக்டோபர் 31-ல் உச்ச நீதிமன்றம் இதை முடித்துவைத்தது. வக்கீல்களுக்கே புலனாய்வு அமைப்புகள் சம்மன் அனுப்புவது பற்றித் தானாக முன்வந்து எடுத்த வழக்கு அது. அப்போதைய தலைமை நீதிபதி பி.ஆர். கவாய், நீதிபதிகள் கே. வினோத் சந்திரன், என்.வி. அஞ்சாரியா அமர்வு. கம்பெனியின் உள்வக்கீல் நீதிமன்றத்தில் தொழில் நடத்தும் வழக்கறிஞர் இல்லை, ஆகவே 132-ஆம் பிரிவின் பாதுகாப்பு அவருக்குக் கிடையாது என்றது தீர்ப்பு. 134-ஆம் பிரிவின்படி ஒரு சிறிய பாதுகாப்பு உண்டு: கம்பெனி அமர்த்திய வெளி வக்கீலோடு நீங்கள் நடத்தும் இரகசியத் தொடர்புக்கு அது பொருந்தும். உங்களுக்கும் கம்பெனிக்கும் இடையே நடக்கும் பேச்சுக்குப் பொருந்தாது.

நடைமுறையில் இதன் பொருள் என்ன?

நிர்வாக இயக்குநர் மெயிலில் "இதில் நமக்கு ஆபத்து எவ்வளவு?" என்று கேட்டு, நீங்கள் மூன்று பக்கம் பதில் எழுதினால், அந்த மூன்று பக்கமும் நாளை ஒரு விசாரணை அதிகாரியின் மேஜையில் இருக்கலாம். கீழே "இரகசியம், சட்டப் பாதுகாப்புக்கு உட்பட்டது" என்று போட்டால் நிலைமை மாறாது.

சிக்கலான விவகாரம் என்று தெரிந்த உடனே வெளி வக்கீலை எழுத்துமூலம் அமர்த்துங்கள். விவகாரம் பெரிதான பிறகு, "முன்தேதியிலேயே அமர்த்தியதாக வைத்துக்கொள்வோம்" என்பது நடக்காது. உள்விசாரணை வேண்டுமென்றால் வெளி வக்கீல் கேட்டு, அவருக்காகவே அறிக்கை தயாராகட்டும். அவருக்கு எழுதும் மெயிலில் பத்துப் பேரை நகலில் போடாதீர்கள். வியாபார முடிவும் சட்டக் கருத்தும் ஒரே மெயிலில் கலக்க வேண்டாம்.

செலவு பற்றி நிர்வாகம் முணுமுணுக்கும். வருட ஆரம்பத்திலேயே பட்ஜெட்டில் வெளி வக்கீலுக்கு என்று ஒரு தொகையைத் தனியாக வாங்கி வையுங்கள். அவசரத்தில் போய்க் கேட்டால் "நீங்கதான் இருக்கீங்களே, இன்னொரு வக்கீல் எதுக்கு" என்றுதான் பதில் வரும். எனக்கு வந்தது.

வெளிநாட்டுத் தாய்நிறுவனம் உள்ளவர்கள் இன்னும் கவனம். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் உள்வக்கீலுக்குப் பாதுகாப்பு உண்டு. அங்கிருக்கும் மேலதிகாரி அதே பழக்கத்தில் உங்களிடம் எல்லாவற்றையும் எழுதச் சொல்வார். இந்தியத் தீர்ப்பைச் சொல்லி ஒரு பக்கக் குறிப்பு அனுப்பிவையுங்கள். ஐரோப்பிய ஆணையத்தின் போட்டிச் சட்ட விசாரணைகளிலும் உள்வக்கீலுக்குப் பாதுகாப்பு இல்லை. 2010-ல் அக்ஸோ நோபல் வழக்கில் அங்குள்ள நீதிமன்றம் சொன்னது அது.

ஒரு எச்சரிக்கை. இதையெல்லாம் தவறை மறைக்கும் வழியாக யாராவது பார்த்தால் அது பலிக்காது. சட்டவிரோதக் காரியத்தை முன்னெடுக்க நடந்த பேச்சுக்கு வெளி வக்கீலிடமும் பாதுகாப்பு கிடையாது. 132-ஆம் பிரிவே அதை விலக்கியிருக்கிறது.

6. "தேதியை மட்டும் கொஞ்சம் முன்னாடி போடுங்க"

எல்லோருக்கும் வரும் முதல் சோதனை இதுதான். மார்ச் 31-க்குள் கையெழுத்தாக வேண்டிய ஒப்பந்தம் ஏப்ரல் 12-ல் வந்து நிற்கும். அல்லது நடக்காத ஒரு இயக்குநர் குழுக் கூட்டத்துக்கு மினிட்ஸ் கேட்பார்கள். கேட்பவர் கெட்டவராக இருக்கமாட்டார். பல நேரம் நல்ல மனிதர், அவசரத்தில் இருப்பவர். அதனால்தான் மறுப்பது கடினம்.

மறுத்துவிட்டு நிற்காதீர்கள். நேர்மையான வழியையும் கையோடு கொடுங்கள். ஒப்பந்தம் ஏற்கெனவே பேசி முடித்து நடைமுறையில் இருந்தால், இன்றைய தேதியில் கையெழுத்திட்டு, "ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்ததாகத் தரப்பினர் ஒப்புக்கொள்கிறார்கள்" என்று எழுதலாம். எந்தத் தேதியில் கையெழுத்தானது என்பது வெளிப்படையாக இருப்பதுதான் வித்தியாசம். இயக்குநர் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஏதாவது நடந்திருந்தால், அடுத்த கூட்டத்தில் பின்னேற்புத் தீர்மானம். அவசரமென்றால், சட்டம் அனுமதிக்கும் விஷயங்களுக்கு கம்பெனிகள் சட்டம் 175-ஆம் பிரிவில் சுற்றறிக்கைத் தீர்மானம், அதாவது கூட்டம் கூடாமல் இயக்குநர்களுக்கு அனுப்பி ஒப்புதல் வாங்குவது. கம்பெனி செக்ரட்டரியை முதல் மாதத்திலேயே நண்பராக்கிக்கொள்ளுங்கள். இந்த இடங்களில் நீங்கள் இருவரும் ஒரே பதில் சொன்னால் யாரும் மீறத் துணியமாட்டார்கள்.

கேட்பவருக்குச் சொல்ல இரண்டு விவரங்கள். கூட்டம் முடிந்து 30 நாளுக்குள் மினிட்ஸ் பதிவாக வேண்டும், அதைத் திருத்திக் குளறுபடி செய்தால் 118-ஆம் பிரிவில் 2 வருடம்வரை சிறையும் 25,000 ரூபாய் முதல் 1 லட்சம்வரை அபராதமும். இ-ஸ்டாம்ப் தாளில் வாங்கிய தேதியும் நேரமும் அச்சாகியே வரும், பழைய முத்திரைத்தாள் என்றால் விற்பனையாளரின் பதிவேடு இருக்கிறது. வேர்டு கோப்பும் தான் உருவான நேரத்தைத் தன்னுள்ளே வைத்திருக்கிறது.

7. பிரமாணப் பத்திரத்தில் உங்கள் கையெழுத்து

கம்பெனி வழக்குகளில் "லீகல் மேனேஜர்தானே, நீங்களே சைன் பண்ணிடுங்க" என்பார்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 29-ஆம் கட்டளை என்ன சொல்கிறது? கம்பெனியின் வழக்கு மனு, பதில் மனு போன்றவற்றில் செயலாளர், இயக்குநர், அல்லது வழக்கின் விவரங்களைப் பற்றிச் சாட்சி சொல்லக்கூடிய முதன்மை அதிகாரி கையெழுத்திடலாம். சரக்கு எப்போது வந்தது, தரம் எப்படி இருந்தது என்பது உங்களுக்கு நேரடியாகத் தெரியாது. பர்ச்சேஸ் மேலாளருக்குத் தெரியும். அவர் கையெழுத்திடட்டும்.

நீங்கள் சாட்சிக் கூண்டில் ஏறினால் கம்பெனிக்கும் நஷ்டம். கம்பெனிக்குச் சட்ட ஆலோசனை சொன்ன ஆள், வெளி வக்கீலோடு பேசிய ஆள், இப்போது குறுக்கு விசாரணைக்கு நிற்கிறார் என்றால் எதிர்த்தரப்பு எதையெல்லாம் கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள். நீதிமன்றத்தில் தெரிந்தே பொய் சொன்னால் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 229-ஆம் பிரிவில் 7 வருடம்வரை சிறை. அந்தத் தண்டனையைக் கம்பெனி உங்களுக்காக அனுபவிக்காது.

தவிர்க்க முடியாமல் நீங்கள்தான் கையெழுத்திட வேண்டும் என்றால்: இயக்குநர் குழுத் தீர்மானம் அல்லது அதிகாரப் பத்திரம் கையில் இருக்க வேண்டும், "ஆவணங்களைப் பார்த்து அறிந்தது" என்று ஒவ்வொரு பத்திக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும், பார்த்த ஆவணங்களின் நகலை ஒரு கட்டாக நீங்களே வைத்திருக்க வேண்டும்.

8. நோட்டீஸ் வந்த அன்றே செய்ய வேண்டியது

நோட்டீஸோ சம்மனோ வந்தால், அல்லது வரப்போகிறது என்று தெரிந்தால், அன்று மாலைக்குள் சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் ஒரு மெயில்: எதையும் அழிக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் தானாக மறையும் வசதியை நிறுத்துங்கள், பழைய லேப்டாப்பை ஃபார்மட் செய்ய வேண்டாம். ஐ.டி. பிரிவுக்குத் தனியாகப் போன் செய்யுங்கள். வேலையை விட்டுப் போகிறவர்களின் மெயில் பெட்டியை 30 நாளில் அழிக்கும் ஏற்பாடு பல கம்பெனிகளில் தானாக ஓடிக்கொண்டிருக்கும். சாட்சியமாக வரக்கூடிய ஆவணத்தை வேண்டுமென்றே அழித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 241-ஆம் பிரிவில் 3 வருடம்வரை சிறை. மெயிலின் சொற்களை இன்றே ஒரு மாதிரியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு உட்கார்ந்து எழுத நேரம் இருக்காது.

9. "கவனிக்க வேண்டியவர்களைக் கவனிக்கணும்"

அனுமதி, லைசென்ஸ், ஆய்வு என்று வரும்போது இந்த வாக்கியம் உங்கள் காதில் விழும். 2018 திருத்தத்துக்குப் பிறகு ஊழல் தடுப்புச் சட்டத்தில் கொடுப்பவரும் குற்றவாளி, 7 வருடம்வரை சிறை. கட்டாயத்தால் கொடுத்திருந்தால் 7 நாளுக்குள் அதிகாரிகளிடம் புகார் செய்தால் பாதுகாப்பு உண்டு. இந்த 7 நாளை நிர்வாகத்தில் யாருக்கும் தெரியாது. பயிற்சி வகுப்பில் முதலில் இதைச் சொல்லுங்கள். கம்பெனியே குற்றவாளி ஆனாலும், இதைத் தடுக்கப் போதிய நடைமுறைகள் இருந்தன என்று நிரூபித்தால் தப்பலாம். சம்மதித்தோ கண்டும் காணாமலோ இருந்த அதிகாரிக்கு 10-ஆம் பிரிவில் 3 முதல் 7 வருடம். "அதிகாரி" என்பதில் லீகல் மேனேஜரும் அடக்கம்.

பணம் நேராகப் போகாது, "ஆலோசனைக் கட்டணம்" என்ற பெயரில் ஒரு ஏஜென்ட்டின் பில்லாக வரும். என்ன வேலை செய்தார், யாரைச் சந்தித்தார் என்று எழுத்தில் பதில் இல்லாத பில்லுக்கு ஒப்புதல் போடாதீர்கள்.

10. இரண்டு இடங்களில் இரட்டை வேடம் வேண்டாம்

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்புகார்க் குழுவில் உங்களை உறுப்பினராகப் போடப் பார்ப்பார்கள். அந்தக் குழு இரு தரப்புக்கும் நடுவே நிற்பது. நீங்கள் கம்பெனியைக் காப்பாற்றச் சம்பளம் வாங்குகிறவர். பணிவாக மறுத்துவிட்டு, 90 நாள் விசாரணைக் கெடு, அறிக்கைக்கு 10 நாள், நிர்வாகம் செயல்பட 60 நாள் என்ற காலக்கணக்கைப் பார்த்துக்கொள்ளும் வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலிடப்பட்ட கம்பெனி என்றால், பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய, வெளியே தெரியாத தகவல் உங்கள் மேஜைக்குத்தான் முதலில் வரும். காலாண்டு முடிந்த நாளிலிருந்து முடிவு வெளியாகி 48 மணி நேரம்வரை உங்கள் பெயரிலும் குடும்பத்தார் பெயரிலும் அந்தப் பங்கைத் தொடாதீர்கள். வீட்டில் பேச்சுவாக்கில்கூட வேண்டாம்.

11. சொல்லியும் கேட்கவில்லை என்றால்

முதலில் நேரில் பேசுங்கள். அதே நாளில் அரைப்பக்கக் குறிப்பாக அனுப்புங்கள்: என்ன கேட்டார்கள், ஏன் முடியாது, மாற்று வழி என்ன. அது என்றாவது வெளியார் கைக்குப் போகும் என்று நினைத்து, உண்மையை மட்டும், கோபம் இல்லாமல் எழுதுங்கள். ஒரு வாரம் பாருங்கள். அப்புறம் மேலதிகாரிக்கு மேலே. அதற்கும் மேலே தணிக்கைக் குழுத் தலைவர். பட்டியலிட்ட கம்பெனிகளிலும், பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்குகிற கம்பெனிகளிலும், வங்கிகளிடமிருந்து 50 கோடிக்கு மேல் கடன் வாங்கியவற்றிலும் கம்பெனிகள் சட்டம் 177-ஆம் பிரிவின்படி புகார் முறை இருந்தே ஆக வேண்டும். தேவையான நேரத்தில் தணிக்கைக் குழுத் தலைவரை நேரடியாக அணுகவும் அதில் வழி உண்டு. கம்பெனிதான் உங்கள் கட்சிக்காரர் என்பதால், கம்பெனிக்குள் மேலே போவது துரோகம் ஆகாது. ஆவணங்களைச் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பிக்கொள்ளாதீர்கள். பின்னால் உங்கள்மேல் பாய அதுவே காரணமாகிவிடும்.

இந்தப் படிகள் எல்லாம் ஏறியும் நடக்கவில்லை என்றால் விலகத் தயாராக இருக்க வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். சேர்ந்த நாளிலிருந்து ஆறு மாதச் சம்பளத்துக்குச் சமமான தொகையைத் தொடாமல் ஒரு கணக்கில் சேர்த்து வையுங்கள். வீட்டுக் கடன் தவணைக்காகத் தலையாட்டிய நல்ல வக்கீல்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

மீண்டும் பிராக்டிஸுக்கு வருவதற்கு: பார் கவுன்சில் செயலாளருக்கு விண்ணப்பம், பணியிலிருந்து விடுவித்த கடிதம், சன்னதை ஒப்படைத்த ரசீது, இடைப்பட்ட காலத்தில் வழக்கறிஞர் சட்டம் 24-ஏ பிரிவின் தகுதியிழப்பு எதுவும் ஏற்பட்டதா என்பதைச் சொல்லும் பிரமாணப் பத்திரம். பதிவுக் குழு உத்தரவிட்டு, சன்னதின்மேல் குறிப்பு எழுதித் திருப்பித் தரும். அதுவரை எந்த வக்காலத்திலும் கையெழுத்திடாதீர்கள். விடுவிப்புக் கடிதத்தில் கடைசி வேலைநாள் தெளிவாக இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அதே மனிதவளத் துறைக்கு மீண்டும் அலைய வேண்டியிருக்கும்.